கொல்லிப் பண்ணும் ஒரு கைப்பிடி மணலும்

மேற்கு மலைகளின் முதுகுக்குப் பின்னே செங்கதிரோன் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தான். பகலெல்லாம் வெள்ளிச் சரிகைபோல் மின்னிய காவிரி, குங்குமம் கரைத்த நீராகச் சற்று நேரம் சிவந்து, பிறகு அந்தச் சிவப்பையும் கரையோர நாணல்களுக்குத் தானம் செய்துவிட்டுக் கருநீலமாகக் குளிர்ந்தது. கிழக்குக் கரையில், நீரிலிருந்தே முளைத்தெழுந்ததுபோல், வேங்கைமலைக் கோட்டை நின்றது. ஐந்து மாதமாக முற்றுகையில் கிடந்த அந்தக் கோட்டைக்குள் ஓர் அடுப்பிலிருந்தும் புகை எழவில்லை. மேற்குக் கரையிலோ, தளபதி கண்டன் மழவரையரின் பாசறையில் ஆயிரம் அடுப்புகள் எரிந்தன. வடித்த சோற்றின் மணம் ஆற்றுக் காற்றிலேறிக் கோட்டை மதிலைத் தாண்டிப் போயிற்று. "பகைவன் விடும் அம்புக்குக் கேடயம் உண்டு, அவன் வடிக்கும் கஞ்சிக்கு எதைப் பிடிப்பது?" என்று மதிலுக்குள் இருந்தவர்கள் கசப்போடு சொல்லிக்கொண்டார்கள்.

அன்பு வாசகர்களே, பசியின் பேச்சு இருக்கட்டும். பாசறையின் தெற்கு ஓரத்து மணல் திட்டுக்கு என்னோடு வாருங்கள். அங்கே நான்கு தீவட்டிகளுக்கு நடுவில் யாழும் குழலும் தண்ணுமையுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். படையோடு வந்த இசைவாணர்கள் எட்டு நாளைக்கு ஒருமுறை இப்படிக் கூடுவது வழக்கம். பட்டுப் பரிவட்டமோ, பரிசிலோ, முன்வரிசை பின்வரிசையோ அங்கே கிடையாது. தளபதிகூட வெறும் மணலில்தான் உட்காருவார். அதற்கு மணல் வட்டம் என்று பெயர்.

அந்த வட்டத்தின் நடுவில் அன்று புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த உடல், காவியேறிய பருத்திச் சேலை, கழுத்தில் மஞ்சள் சரடுகூட இல்லை. கண்கள் மட்டும் இரண்டு அகல்களாக எரிந்தன.

"எந்த ஊர்?" என்றான் ஏழிசை விடங்கன், அவளைப் பார்க்காமலே. வயது முப்பதுக்குள் இருக்கும். அகன்ற மார்பு, செதுக்கிய மூக்கு, அந்த மூக்கின் நுனியில் நிரந்தரமாக ஓர் இளக்காரம். சோணாட்டிலேயே கொல்லிப் பண்ணில் தனக்கு நிகரில்லை என்று அவன் சொல்லிக்கொள்வதில்லை. பிறர் சொல்லும்வரை பேசாமல் காத்திருப்பான்.

"கூடலையூர், ஐயா. பெயர் மங்கை."

"கூடலையூரா? அங்கே தவளைகள் நன்றாகப் பாடும் என்று கேள்வி."

"உண்மைதான், ஐயா. மழைக்காகப் பாடும். படியளப்பவர் முகம் பார்த்துப் பாடத் தெரியாது."

குழல்காரர் ஒருவர் சிரித்துவிட்டுச் சட்டென்று இருமினார். விடங்கன் இப்போதுதான் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"வாய்க்குப் பூட்டில்லையே, பெண்ணுக்கு!" என்றார் தண்ணுமை வாசிக்கும் பெருந்தேவர். அவருடைய வயிறும் மடியிலிருந்த தண்ணுமையும் அண்ணன் தம்பிபோல் இருக்கும். "கேள், அம்மா! இது கோயில் மண்டபமல்ல, பாடியதையே பாடிப் பிரசாதம் வாங்கிப் போக. சொல்லில்லாமல் பண்ணை விரித்து ஆளத்தி செய்கிறவர் ஒருமுறை பாடிய சங்கதியை மறுமுறை பாடக் கூடாது. பாடினால், அதைப் பிடித்தவர் இதோ இப்படி ஒரு கைப்பிடி மணலை அள்ளி உன் முன்னால் கொட்டுவார். மண் விழுந்தால் நீ தோற்றாய். எழுந்துபோய் ஆற்றில் முகம் கழுவ வேண்டும், இன்றைக்கு மறுபடி வட்டத்துக்குள் வரக் கூடாது. மணல் கொட்டியவர் பாட்டைத் தொடருவார். பாட்டு நடக்கும்வரை வேறு யாரும் எழக் கூடாது. விளங்கிற்றா?"

"விளங்கிற்று, ஐயா. தங்களுக்கு முன்னாலும் யாராவது மணல் கொட்டியிருக்கிறார்களா?"

"எனக்கா? நான் தண்ணுமைக்காரன்!"

"அதனால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறீர்கள்."

பெருந்தேவரின் முகம் கறுத்தது. வட்டத்தில் ஒவ்வொரு கையும் மணலை அள்ளி முஷ்டியை மூடிக்கொண்டது. அவளைச் சுற்றிப் பத்து முஷ்டிகள்! அம்பு தொடுத்த பத்து விற்களுக்கு நடுவில் நின்றிருந்தாலும் அவளுக்கு அவ்வளவு குளிரெடுத்திருக்காது.

வட்டத்தின் மேற்கு முனையில் சம்மணமிட்டிருந்த மழவரையர் தொண்டையைச் செருமினார். "பெண்ணே, சுருக்கமாகப் பாடு. இரவுக் காவலுக்கு நான் அடையாளச் சொல் கொடுத்தாக வேண்டும். பாட்டின் நடுவில் எழுந்த பழி என் குலத்தில் ஒருவனுக்கும் கிடையாது. அந்த வழக்கத்தைச் சாக்காக வைத்து என்னை உட்காரவைத்துவிடாதே. இன்னொன்று, ஒற்றுப் பார்க்க வந்தவர்களுக்கு இந்தப் பாசறையில் கழுமரம் தயாராக இருக்கிறது. ஊர் பேர் தெரியாத எல்லாரிடமும் இதைச் சொல்லிவைப்பது என் வழக்கம்."

"தளபதியின் சித்தம்," என்று அவள் தலை வணங்கினாள்.

கண்மணிகளே, கடைசிவரை மூடிவைத்து உங்களைத் திடுக்கிட வைக்கும் கல்நெஞ்சு எனக்கில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் பெயர் மங்கையுமல்ல, கூடலையூரை அவள் கண்ணால் கண்டதுமில்லை. அவள் வேங்கைமலைக் குறுநில மன்னரின் ஒரே மகள், இளநாச்சி. பாசறைக்குத் தெற்கே, ஆறு வளையும் இடத்தில் நாவல் துறை இருந்தது. அந்தத் துறையைக் காக்கும் பகற்காவலர்கள் பொழுது சாய்ந்ததும் முரசு கேட்டுச் சோற்றுக்குப் போய்விடுவார்கள். தளபதி வாயால் அடையாளச் சொல் பெற்ற பிறகே இரவுக் காவல் அங்கே போகும். மணல் வட்டம் கூடும் நாட்களில் அந்தச் சொல் தாமதமாகும் என்பதைக் கோட்டை மதிலிலிருந்து கண்டுபிடித்தவள் அவள்தான். அன்று பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள். பொழுது சாய்ந்து நாலு நாழிகைக்கு நிலவு வராது. அந்த இருட்டில் மேற்குக் காட்டு மக்கள் நாற்பது பரிசல்களில் தினையும் சாமையும் ஏற்றிக் கோட்டையின் நீர்வாயிலுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். கோட்டையில் மிச்சமிருந்த தானியம் மூன்று நாளைக்கு. அதற்குப் பிறகு கதவைத் திறந்துவிடுவதைத் தவிர வழியில்லை.

ஆகவே நாலு நாழிகை. அதுவரை மழவரையர் மணலைவிட்டு எழக் கூடாது. அதற்குப் பிறகு தனக்கு என்ன ஆகும் என்பதை இளநாச்சி நினைத்துப் பார்த்து முடித்துவிட்டாள். கழுமரம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுவரை வரும்போதே பார்த்துவைத்திருந்தாள்.

கண்ணை மூடி, அடிவயிற்றிலிருந்து ஆதார சுருதியை எழுப்பினாள். பண், கொல்லி.

"அட!" என்றான் விடங்கன். "என் வீட்டு முற்றத்திலேயே கோலம் போட வந்திருக்கிறாள்!"

அவள் வேண்டுமென்றேதான் அந்தப் பண்ணை எடுத்தாள். வேறு பண்ணாயிருந்தால் அரை நாழிகையில் அவன் கொட்டாவி விட்டிருப்பான். இதிலோ ஒரு சுரத்தையும் கவனிக்காமல் விடமாட்டான். அவன் கவனித்தால் தளபதியும் கவனிப்பார்.

முதல் நாழிகை, குரல் தாழ்ந்த கீழ்த்தானத்தில் கழிந்தது. மலையடிவாரத்தில் மூடுபனி தவழ்வதுபோல் அந்தக் குரல் மணலோடு மணலாகத் தவழ்ந்தது. எந்த மடிப்பிலும் இரண்டாம் முறை நுழையவில்லை. காவல் தலைவன் அடையாளச் சொல் வாங்க வந்து, பாட்டு நடப்பதைக் கண்டு வட்டத்துக்கு வெளியே நின்றான், மெல்லக் கனைத்தான். மழவரையர் திரும்பாமலே கையை அசைத்து அவனை அடக்கினார். இரண்டாம் நாழிகையில் அவள் நடுத்தானத்துக்கு ஏறினாள். பெருந்தேவர் முஷ்டியை இருமுறை தூக்கி, இருமுறையும் அது வேறு சங்கதி என்று கண்டு, வெட்கத்தோடு தாழ்த்தினார். யாழ்காரர்களின் உதடுகள் முணுமுணுத்தன. அது பாராட்டல்ல, தாங்கள் கேட்ட சங்கதிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள், திருடனைப் பிடிக்கக் காத்திருப்பவர்கள்போல.

தீவட்டி வெளிச்சத்துக்கு அப்பால் ஆறு ஒரே இருளாகக் கிடந்தது. கோட்டையின் மேற்கு மதிலில் மட்டும் ஒரு சிறு விளக்கு. கடைசிப் பரிசல் கரை சேர்ந்ததும் அது அணைய வேண்டும் என்பது ஏற்பாடு. அது எரிந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாழிகை முடியும் தறுவாயில் அவள் உடம்பு அவளைக் கைவிடத் தொடங்கியது. மாலையில் பாசறையில் அவளுக்கு நெய்ச்சோறு கொண்டுவந்து வைத்திருந்தார்கள். "பாடுமுன் உண்பதில்லை," என்று ஒதுக்கிவிட்டாள். உண்மையில், சோற்றைத் தொட்டால் கை அள்ளும் வேகமே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம். இப்போது ஐந்து மாதத்துப் பசி ஒன்றுசேர்ந்து வந்து விலா எலும்புகளைப் பிடித்து இறுக்கியது. மூச்சு குட்டையாயிற்று. மேல் தானத்தில் குரலின் விளிம்பு பிசிறியது.

"கூடலையூர்க் குளத்தில் தண்ணீர் வற்றுகிறது," என்று விடங்கன் பக்கத்திலிருந்தவரிடம் எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

மயங்கி விழுந்தால் பாட்டு நின்றுவிடும். தளபதி எழுவார், சொல் கொடுப்பார், காவல் போகும். நிலவு வர இன்னும் ஒரு நாழிகை இருந்தது. எப்படியாவது யாராவது பாட வேண்டும்!

அந்த ஒரு நொடியில் அவளுக்கு விளங்கியது: ஆம், யாராவது! தானேதான் பாட வேண்டும் என்று எந்தச் சாசனத்தில் எழுதியிருக்கிறது?

விடங்கனுக்குப் புகழ் தந்த சங்கதி ஒன்று உண்டு. உச்சியிலிருந்து ஒரே மூச்சில் அடிவரை சரிந்து இறங்குவான். அதற்கு 'அருவி' என்று ஊரே பெயர் வைத்திருந்தது. இளநாச்சி அவன் கண்ணை நேராகப் பார்த்தபடி அந்த அருவியை எடுத்தாள். எடுத்து, நடுவழியில் ஓரிடத்தில் வேண்டுமென்றே நொண்ட வைத்தாள். விடங்கனின் தாடை இறுகியது. அவள் புன்னகை செய்தாள். மறுபடியும் அதே அருவி, அதே இடத்தில் அதே நொண்டல்!

பெருந்தேவர் மகிழ்ச்சியோடு கையை ஓங்கினார். அந்தக் கை இறங்குவதற்குள் விடங்கன் அவர் மணிக்கட்டைப் பற்றினான். "என் சங்கதிக்கு நீர் யார் மணல் கொட்ட?" என்று சீறிவிட்டு, தன் கையிலிருந்த மணலை அவள் முகத்தருகே கொட்டினான். பாதி அவள் மடியில் விழுந்தது.

"மண்!" என்று வட்டம் முழுவதும் கூவியது.

இளநாச்சி எழுந்தாள். மடியிலிருந்த மணலை உதறினாள்.

"மூன்று நாழிகை பாடித்தான் தோற்றேன், ஐயா," என்றாள் தாழ்ந்த குரலில். "ஏழிசை விடங்கர் அரண்மனையில் அரை நாழிகைக்கு மேல் பாடியதில்லை என்று எங்கள் பக்கம் பேச்சு. அருவி சீக்கிரம் வற்றிவிடுமாமே?"

"போய் முகத்தைக் கழுவடி!" என்றான் அவன். கண்கள் சிவந்துவிட்டன. "கழுவிவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்து கேள். நிலவு வந்து என் தலைக்கு நேரே நிற்கும்வரை பாடுகிறேன். தளபதியாரே, தாங்களும் கேட்டருள வேண்டும்!"

மழவரையர் வாயைத் திறந்தார். அதற்குள் விடங்கன் சுருதியைப் பிடித்துவிட்டான். தளபதி வாயை மூடிக்கொண்டார். வெளியே நின்ற காவல் தலைவன் தலையில் அடித்துக்கொண்டான்.

அவள் ஆற்றை நோக்கி நடந்தாள். வழக்கப்படி நடந்தாள், ஒருவரும் தடுக்கவில்லை. குனிந்து முகத்தைக் கழுவினாள். பிறகு நிமிராமலே நாணலுக்குள் நுழைந்து, நீரோரமாகவே தெற்கே ஓடினாள்.

நாவல் துறையில் மூன்றே பரிசல்கள் மீதமிருந்தன. பரிசல்காரர் மூக்கன் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வாயைப் பிளந்தார்.

"தாயி! நீங்களா? அங்கிட்டுப் பாட்டு நிக்கலியே, நீங்க எப்படி இங்கிட்டு?"

"வேறொருவரைப் பாட வைத்திருக்கிறேன். ஏற்று, சீக்கிரம்!"

"யாரு, நம்ம ஆளா?"

"இல்லை. நம் பகையாளிகளிலேயே பெரிய பகையாளி."

முதல் இரண்டு பரிசல்களும் இருளில் கரைந்தன. கடைசிப் பரிசலில், சாமை மூட்டைகளின் மேல் அவள் ஏறி உட்கார்ந்தாள். துடுப்பு மெல்லிய சலசலப்போடு நீரைத் தள்ளியது. நடு ஆற்றுக்கு வந்தபோது நாணலின் மறைப்பு நீங்கி, விடங்கனின் குரல் திறந்த வெளியில் அவளை வந்து அடைந்தது.

என்ன குரல் அது, என் செல்வங்களே! மலைமேல் பெய்த மழை பாறைப் பிளவுகளில் நுழைந்து, ஒளிந்து, எதிர்பாராத இடத்தில் சுனையாகப் பீறுவதுபோல் அந்தக் கொல்லி விரிந்தது. அவன் இறுமாப்பெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இளநாச்சி பகையை மறந்தாள், பசியை மறந்தாள். விரல்கள் தாமாகச் சங்கதிகளை எண்ணத் தொடங்கின. ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனை! எதுவும் திரும்பவில்லை. எதுவும்... இல்லை, இதோ! இந்த வளைவு சற்றுமுன் வந்ததுதான்!

"மண்!" என்று அவள் கத்தினாள்.

ஐயோ, யார் செய்வார்கள் இப்படி! உளவுக்குப் போன வேறு எவராயிருந்தாலும் உயிர் போனாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். ஆனால் சங்கதிகளை எண்ணிப் பழகிய காதுக்கு இரவென்ன, ஆறென்ன, பகைவனென்ன!

பாட்டு அறுந்தது. பிறகு மழவரையரின் குரல் இடித்தது: "ஆற்றில் யார்? தீவட்டி! வில்லாளிகளே, நீர்முனைக்கு!"

"பாவி மகளே, கெடுத்தீங்களே!" என்று மூக்கன் துடுப்பை ஆழக் குத்தினார். தீவட்டிகள் கரையோரம் ஓடி வந்தன. முதல் அம்பு ஒரு மூட்டையில் பாய்ந்து, சாமை பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டாவது அவள் தோளை உரசிக்கொண்டு போயிற்று. அப்போது இடுப்பளவு தண்ணீரில் யாரோ தடதடவென்று இறங்குவது தெரிந்தது. வில்லாளிகளுக்கும் பரிசலுக்கும் நடுவில், கைகளை விரித்துக்கொண்டு, விடங்கன்!

"நிறுத்துங்கள்! ஒருவரும் எய்யக் கூடாது!"

"விலகும், விடங்கரே!" என்று தளபதி கர்ஜித்தார். "அவள் ஒற்றச்சி. நம்மை ஏய்த்துத் தானியம் கடத்தியிருக்கிறாள்!"

"கடத்தட்டும்! என் சங்கதி திரும்பி வந்தது என்று சொல்கிறாள். வரவில்லை! அவள் இப்போது செத்துவிட்டால் அவள் சொன்னதே கடைசிச் சொல்லாக நின்றுவிடும். அதற்கு நான் விடமாட்டேன்!" பிறகு ஆற்றை நோக்கித் திரும்பினான். "யாரடி நீ? உண்மையைச் சொல்!"

மூக்கன் தலையை ஆட்டி, வேண்டாம் என்று கெஞ்சினார். அவள் எழுந்து நின்றாள்.

"வேங்கைமலையார் மகள் இளநாச்சி! சொன்னதைத்தான் சொல்கிறேன். நடுத்தானத்து வளைவு இரண்டு முறை வந்தது!"

"வரவில்லை! உன் காதில் பஞ்சு!"

"உமது வட்டத்தில் யாருக்கும் துணிவில்லை, அதனால் மண் விழவில்லை!"

"கேள், வேங்கைமலையார் மகளே!" அவன் குரல் தண்ணீரின் மேல் இரும்பாக உருண்டு வந்தது. "இந்தப் பொன்னியின் நீரில் நின்று ஆணையிடுகிறேன். உன் கோட்டைக்குள் வந்து, உன் எதிரில் உட்கார்ந்து, அதே சங்கதியைப் பாடி, 'தவறாகக் கேட்டேன்' என்று உன் வாயாலேயே சொல்ல வைப்பேன். அதுவரை வேறெங்கும் கொல்லியைத் தொடமாட்டேன்!"

"வாரும்! பாட வந்தால் கதவு திறக்கும். பின்னால் ஒரே ஒரு வேல் தெரிந்தாலும் கொதிக்கும் எண்ணெய் தலையில் விழும்!"

கீழ்வானில் நிலவின் விளிம்பு எழுந்தபோது பரிசல் நீர்வாயிலுக்குள் நுழைந்தது. மேற்கு மதிலின் விளக்கு அணைந்தது. எதிர்க்கரையில் விடங்கனை இரு வீரர்கள் பிடித்துக் கரையேற்றுவதும், அவன் அவர்களிடமும் கையை ஆட்டி ஆட்டி எதையோ வாதிடுவதும் நிலவில் மங்கலாகத் தெரிந்தது.

கோட்டைக்குள் ஐந்து மாதத்துக்குப் பிறகு வயிறு நிறையும் அளவுக்கு உலை கொதித்தது. குழந்தைகள் கஞ்சி ஆறும்வரைகூடப் பொறுக்காமல் ஊதி ஊதிக் குடித்தார்கள். தந்தை மகளின் தோள்காயத்துக்குத் தாமே மருந்து கட்டி, அவள் கையில் ஒரு கலயத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். இளநாச்சி அதைக் கையில் வைத்துக்கொண்டு, கம்மிப்போன தொண்டையால், மெல்ல மெல்ல அந்த வளைவைப் பாடிப் பார்த்தாள். முதலில் வந்தவாறு ஒருமுறை, பிறகு வந்தவாறு ஒருமுறை. நிறுத்தினாள். திரும்பவும் பாடினாள். முகம் வெளிறியது.

இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவதில் கடைசிச் சுரம் ஒரு மயிரிழை தாழ்ந்து, முற்றிலும் வேறோர் இடத்தில் போய் நின்றிருந்தது. துடுப்பு நீரைத் தொடும் சலசலப்பில் அது அவள் காதுக்குத் தப்பிவிட்டது.

"என்னம்மா, குடிக்கவில்லையா?" என்று ஒரு தாதி கேட்டாள்.

"குடிக்கிறேன்," என்றாள் அவள். அவன் சொன்னதுதான் சரி. பத்து முஷ்டிகளும் அசையாமலிருந்தது பயத்தாலல்ல.

கலயத்தை வாயருகே கொண்டுபோய், நிலவில் தெரிந்த பாசறைக் கொடிகளை வெறுப்போடு பார்த்தபடி, வேங்கைமலையார் மகள் மனத்துக்குள் ஓர் ஆணையிட்டுக்கொண்டாள்: இதைத் தந்தையிடமும் சொல்வதில்லை, தெய்வத்திடமும் சொல்வதில்லை. அந்த இறுமாப்புக்காரன் தனியாக, வேலின்றி, இந்தக் கதவைத் தட்டி உள்ளே வந்து, எதிரே உட்கார்ந்து பாடி முடித்த பிறகு, அவன் ஒருவனிடம் மட்டுமே சொல்வது. அதுவரை அவனை யாரும் கழுவேற்றிவிடக் கூடாது.